மலையகத்திலிருந்து முன்னணி வணிகப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை, கண்டி ஆகிய இடங்களிலிருந்து வெளிநாட்டு எம்.பி.ஏ. கற்கைநெறிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பட்டதாரிகள் என்னிடம் கேட்ட கேள்விகளே இங்கு தொகுக்கப்பட்டுள்ளன. நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். முதல் ஆண்டு விண்ணப்பித்த மூன்று பள்ளிகளும் என்னை நிராகரித்தன. இரண்டாம் தடவையே எனக்கு இடம் கிடைத்தது. ஆகவே கீழே உள்ள பதில்களில் பாதி, நான் செய்த பிழைகளிலிருந்து வந்தவை.

முன்னணி வணிகப் பள்ளி என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

அமெரிக்காவில் 1881இல் தொடங்கிய வார்ட்டன், 1908இல் தொடங்கிய ஹார்வர்ட், 1925இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்ட் ஆகியவையும், ஐரோப்பாவில் இன்சியாட், லண்டன் பிஸ்னஸ் ஸ்கூல், ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் வணிகப் பள்ளிகளும், அயலில் ஹைதராபாத்தின் இந்தியன் ஸ்கூல் ஒஃப் பிஸ்னஸும் அஹமதாபாத், கல்கத்தா ஐ.ஐ.எம்.களும் (இந்திய முகாமைத்துவ நிறுவனங்கள்) வழமையாகப் பேச்சில் அடிபடுபவை. தரவரிசைப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. காலவேறுபாடுதான் நமக்கு முக்கியம். அமெரிக்கப் பள்ளிகளில் எம்.பி.ஏ. பெரும்பாலும் 2 ஆண்டுகள். இன்சியாடில் 10 மாதங்கள். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், ஹைதராபாத் ஆகியவற்றில் ஏறத்தாழ ஓர் ஆண்டு. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பொறுப்புள்ள ஒருவருக்குச் சம்பளமில்லாத ஓர் ஆண்டும் இரண்டு ஆண்டுகளும் ஒன்றல்ல.

தோட்டப் பாடசாலையில் தமிழ் மொழிமூலம் படித்தேன். எனக்கு உண்மையில் இடம் கிடைக்குமா?

மொழிமூலத்தைக் காரணங்காட்டி எந்தப் பள்ளியும் யாரையும் ஒதுக்குவதில்லை. சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் தமிழில் எழுதியது ஒரு குறையாகவே பதியப்படாது. அவர்கள் பார்ப்பது பட்டப்படிப்பின் பெறுபேற்றை. ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்: "நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவருமா?" என்பதே அது. அதற்குப் பள்ளியிடம் பதில் இல்லை. வகுப்பறையில் ஒரே நாட்டவரோ ஒரே தொழில்துறையினரோ நிரம்பிவிடாமல் பார்த்துக்கொள்வது தெரிவுக் குழுவின் வேலைகளில் ஒன்று. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரின் விண்ணப்பம் அவர்களது மேசைக்கு அடிக்கடி வருவதில்லை என்பது உங்களுக்குச் சாதகமானதே. சாதகம் என்றால் கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள் என்று பொருளல்ல. உங்கள் விண்ணப்பத்தைக் கொஞ்சம் கவனமாக வாசிப்பார்கள், அவ்வளவுதான்.

எந்தப் பட்டம் வேண்டும்? எத்தனை ஆண்டு வேலை அனுபவம் வேண்டும்?

எந்தத் துறைப் பட்டமும் ஏற்கப்படும். பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் என்று எங்கு பெற்றதாயினும் அங்கீகரிக்கப்பட்ட இளமாணிப் பட்டமாக இருந்தால் போதும்; 3 ஆண்டுப் பொதுப்பட்டத்தையும் பல பள்ளிகள் ஏற்கின்றன. பட்டம் இல்லாமல் சீமா (முகாமைத்துவக் கணக்காளர் தகைமை) போன்ற தொழில்சார் தகைமை மட்டும் உள்ளவர்கள் ஒவ்வொரு பள்ளியிடமும் தனித்தனியாக எழுதிக் கேட்டுவிட்டே அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். அனுபவத்தைப் பொறுத்தவரை, சேருபவர்களில் பெரும்பாலோர் 4 முதல் 6 ஆண்டுகள் வேலை செய்தவர்கள். 2 ஆண்டுகளுக்குக் குறைவான அனுபவத்தோடு விண்ணப்பிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

இன்னொன்று: பெருந்தொற்று, ஆர்ப்பாட்டங்கள், பகிஷ்கரிப்புகள், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி ஆகியவற்றால் நம் பல்கலைக்கழகங்களில் 4 ஆண்டுப் பட்டம் 5 அல்லது 6 ஆண்டுகளுக்கு இழுபட்டது. வெளிநாட்டு வாசகருக்கு இது நீங்கள் பரீட்சையில் தவறியது போலத் தோன்றும். விண்ணப்பத்தில் மேலதிக விளக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் இரண்டு வசனங்களில், புலம்பாமல், எந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்தது என்று எழுதிவிடுங்கள்.

தோட்டத்திலும் ஊரிலும் செய்த வேலை 'வணிக அனுபவமாக' மதிக்கப்படுமா? வங்கியிலோ கொழும்பு நிறுவனத்திலோ வேலை செய்யவில்லையே?

மதிக்கப்படும், ஆனால் நீங்கள் அதை வேலையின் பெயராகச் சொல்லாமல் தீர்மானங்களாகச் சொன்னால் மட்டுமே. வெளிக்கள உத்தியோகத்தர், தொழிற்சாலை உதவி அதிகாரி, ஆசிரியர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர், அரசசார்பற்ற நிறுவனத்தின் திட்ட இணைப்பாளர், சுற்றுலா விடுதியின் முன்னலுவலகப் பொறுப்பாளர் ஆகிய ஒவ்வொருவரும் நாள்தோறும் ஆட்களையும் பணத்தையும் நேரத்தையும் பங்கிடுகிறார்கள். காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆட்கள் கூடும் இடத்தில்) இருபது பேருக்கு மலை (கொழுந்து பறிக்கும் பகுதி) பிரித்துக் கொடுப்பவர், மழை பிடித்தால் யாரை எந்தப் பக்கம் மாற்றுவது, நிறை குறைந்தால் யாருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்று வாதிடாமல் எப்படி நாளை முடிப்பது என்று யோசிப்பவர். அவர் செய்வது முகாமைத்துவம்தான். ஆனால் தம் வேலையை அந்தச் சொல்லால் அவர் அழைப்பதில்லை, அதனால் எழுதும்போதும் அது விடுபட்டுப் போகிறது.

தேயிலைத் துறையின் மாற்றங்களும் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்குத் தெரியாது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி சிறுதோட்ட உரிமையாளர்களின் கொழுந்திலிருந்து வருகிறது. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை விளைச்சலை வீழ்த்தியது. நாட்கூலியை ஒட்டிய இழுபறியோ முடிந்தபாடில்லை. இவற்றுள் ஒன்றின் நடுவே நீங்கள் நின்று ஏதாவது ஒன்றை மாற்றியிருந்தால், அதற்கு ஈடான அனுபவம் கொழும்பில் மூன்று ஆண்டுகள் கணக்காய்வு நிறுவனத்தில் கோப்புப் புரட்டியவரிடம் இருக்காது.

ஜீமேட்டா, ஜீ.ஆர்.ஈ.யா? எவ்வளவு புள்ளி வேண்டும்?

ஜீமேட் (GMAT), ஜீ.ஆர்.ஈ. (GRE) இரண்டும் பட்டப்பின் கற்கைநெறிகளுக்கான நுழைவுப் பரீட்சைகள். அநேகமான பள்ளிகள் இரண்டையும் சமமாக ஏற்கின்றன. இன்றைய ஜீமேட் 2023 நவம்பரில் அறிமுகமானது. 2024 ஜனவரிக்குப் பின் பழைய வடிவம் இல்லை. ஆகவே அக்காக்களும் அண்ணாக்களும் கொடுக்கும் பழைய புத்தகங்களை அப்படியே நம்ப வேண்டாம். கணிதம், மொழி, தரவு நுண்ணறிவு என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 64 கேள்விகள். கேத்திரகணிதமும் வசனப் பிழை திருத்தமும் கட்டுரையும் நீக்கப்பட்டுவிட்டன. புள்ளிகள் 205 முதல் 805 வரை. புதிய அளவில் 645 என்பது பழைய 700க்கு ஏறத்தாழ நிகரானது என்பதை மறந்து, 645 வாங்கிவிட்டு அழுத ஒரு தங்கையை எனக்குத் தெரியும். ஜீ.ஆர்.ஈ.யும் 2023 செப்டெம்பரில் சுருக்கப்பட்டு இப்போது 2 மணி நேரத்துக்குள் முடிகிறது. இரண்டின் பெறுபேறுகளும் 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

உயர்தரத்தில் கணிதமோ வர்த்தகமோ படித்தவர்களுக்குக் கணிதப் பகுதி பயமில்லை. கணிப்பானைத் தரவுப் பகுதியில் மட்டுமே பயன்படுத்தலாம் என்பதும் மனக்கணக்கில் பழகிய நம் பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பதில்லை. மொழிப் பகுதிதான் நம்மவர்களைக் கீழே இழுக்கிறது. அதுவும் சொல்வளக் குறைவால் அல்ல. நீண்ட ஆங்கிலப் பந்தியொன்றின் வாதம் எங்கே திரும்புகிறது என்பதைப் பிடிக்கும் பழக்கம் இல்லாததே காரணம். அதற்கு வினாத்தாள்களை விட, ஆறு மாதம் நாள்தோறும் ஓர் ஆங்கிலப் பொருளாதாரக் கட்டுரையை வாசித்து, அதன் வாதத்தைத் தமிழில் மூன்று வசனங்களில் எழுதிப் பார்ப்பது பலன் தரும். தமிழில் எழுதச் சொல்வது சிலருக்கு விசித்திரமாகப் படும். விளங்காததைத் தாய்மொழியில் மழுப்ப முடியாது என்பதே அதன் பயன்.

பரீட்சையை வீட்டிலிருந்து இணையவழியாகவும் எழுதலாம். லயத்து வீட்டிலோ, பக்கத்து அறைச் சத்தம் கேட்கும் வீட்டிலோ அதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அறையில் வேறு எவரும் நுழையக் கூடாது, இணைப்பு அறுந்தால் பரீட்சை இரத்தாகலாம், மின்சாரமோ மழைக்காலத்தில் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாளே கொழும்புக்கு இறங்கி, உறவினர் வீட்டில் தங்கி, பரீட்சை நிலையத்தில் எழுதிவிட்டு இரவு ரயிலில் திரும்புவது செலவானாலும் நிம்மதி.

ஐ.ஈ.எல்.டி.எஸ். கட்டாயமா?

ஐ.ஈ.எல்.டி.எஸ். (IELTS) என்பது ஆங்கில மொழித் தேர்ச்சிப் பரீட்சை. பட்டப்படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது என்று பல்கலைக்கழகம் கடிதம் தந்தால் சில பள்ளிகள் விலக்களிக்கும். மற்றவை பெரும்பாலும் 7 அல்லது 7.5 கேட்கும். பெறுபேறு 2 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்பதால் முந்திக்கொண்டு எழுதி வீணாக்க வேண்டாம்.

கட்டுரைகளில் எதை எழுதுவது? லயத்து வறுமையை எழுதினால் இரக்கம் கிடைக்குமா?

இரக்கம் கிடைக்கலாம், இடம் கிடைக்காது. முதல் ஆண்டு என் கட்டுரை முழுவதும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒழுகும் தகரக்கூரை, அம்மாவின் கொழுந்துக் கூடை என்றே நிரம்பியிருந்தது. அதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் அந்த ஆயிரம் சொற்களில் நான் செய்த காரியம் என்று ஒன்றுகூட இல்லை; எனக்கு நேர்ந்தவை மட்டுமே இருந்தன. வாசிப்பவர் அம்மாவை மதித்திருப்பார். இடம் கேட்டவன் நான் அல்லவா.

பள்ளிகள் கேட்பதைக் கவனியுங்கள். ஸ்டான்ஃபோர்ட் நெடுங்காலமாக 'உங்களுக்கு மிக முக்கியமானது எது, ஏன்?' என்று கேட்டுவருகிறது. ஹார்வர்ட் 2024 முதல் தொழில் நோக்கு, தலைமைத்துவம், வளர்ச்சி ஆகிய மூன்றையும் பற்றித் தனித்தனியே சிறு கட்டுரைகள் கேட்கிறது. முதலாவது 300 சொற்களுக்கும் மற்ற இரண்டும் 250 சொற்களுக்கும் மேற்படக் கூடாது. 300 சொல் என்பது ஒரு வாழ்க்கை வரலாற்றுக்கு இடமல்ல. ஒரு சம்பவத்துக்கே இடம்.

ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்ப்போம். சிறுதோட்டக் கொழுந்தை வாங்கும் தொழிற்சாலையொன்றின் கொள்வனவுப் பொறுப்பாளர் இப்படி எழுதுகிறார்: "பல சவால்களுக்கு மத்தியில் எனது குழுவை வழிநடத்திக் கொழுந்தின் தரத்தை மேம்படுத்தினேன்." இதை உலகில் எவரும் எழுதலாம். அவரே இப்படி எழுதினால் என்ன? "சாக்கில் அடைத்து மாலைவரை வீதியோரம் காத்திருந்த கொழுந்து சூடாகிக் கருகிவந்தது, நூறு கிலோவில் ஒன்பது கிலோவைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. லொறியை மதியத்துக்கு மாற்றினேன். மறுவாரமே பெண்கள் கோபத்தோடு வந்தார்கள். அது பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும் நேரம் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கூடைகளைக் கடனாகக் கொடுத்தோம். நான்கு மாதத்தில் கழிவு நான்கு கிலோவாகக் குறைந்தது." இரண்டாவதில் ஒரு பிரச்சினை, ஒரு தீர்மானம், ஒரு தவறு, அதைத் திருத்திய முறை, ஓர் எண் எல்லாம் இருக்கின்றன. அந்தத் தவறை நீக்கிவிடும்படி உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். நீக்க வேண்டாம், எழுதியவர் மனிதர் என்று காட்டுவது அந்த வரிதான்.

பின்னணியை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை. மலையகத் தமிழர் என்றால் யார் என்று பொஸ்டனில் இருப்பவருக்குத் தெரியாது. நம்மை இந்தியர் என்றோ வடக்குத் தமிழர் என்றோ எண்ணிக்கொள்வார். பெருந்தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு வசனம் போதும். தாத்தாவுக்கு நாடே இல்லாதிருந்தது என்பது உங்கள் தெரிவுகளை எப்படி மாற்றியது என்று மூன்றாவது வசனத்தில் சொல்ல முடிந்தால் மட்டும் அந்த இரண்டு வசனங்களையும் எழுதுங்கள். 'லயம்' போன்ற சொல்லை அப்படியே வைத்து, ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த குடும்ப அறைகள் என்று ஒருமுறை விளக்கினால் போதும்.

எதிர்காலத் திட்டத்தில் 'என் சமூகத்துக்குச் சேவை செய்வேன்' என்று எழுதாத மலையக விண்ணப்பம் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. உண்மையான ஆசைதான், ஆனால் எம்.பி.ஏ. முடித்த மறுநாள் எந்த அலுவலகக் கதவைத் தட்டுவீர்கள் என்பது அதில் இல்லை. முதல் மூன்று ஆண்டுகள் உணவுப்பொருள் நிறுவனமொன்றின் விநியோகப் பிரிவிலோ விவசாய முதலீட்டு நிறுவனத்திலோ வேலை, பின்னர் சிறுதோட்ட உரிமையாளர்களின் கொழுந்தை நேரடியாகப் பெயரிட்டு விற்கும் கம்பனி என்பது போல் படிப்படியாகச் சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு யாரைக் கேட்பது?

பெரும்பாலான பள்ளிகள் இரண்டு பரிந்துரைகள் கேட்கும். ஒன்று உங்களது தற்போதைய மேலதிகாரியிடமிருந்து வருவதையே விரும்புவார்கள். பாராளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கத் தலைவர், கோவில் தர்மகர்த்தா ஆகியோரின் கடிதத் தலைப்புகளுக்கு ஊரில் மதிப்புண்டு. இங்கே அவை உங்களைக் கெடுக்கவே செய்யும், ஏனென்றால் அவர்கள் உங்கள் வேலையைப் பார்த்தவர்கள் அல்ல. பல பள்ளிகள் பொதுவாகப் பயன்படுத்தும் பரிந்துரைப் படிவத்தில், இதே நிலையிலுள்ள மற்றவர்களோடு ஒப்பிடுகையில் இவர் எப்படி என்றும், இவருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் என்ன, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்றும் கேட்பார்கள். ஓர் ஆண்டாவது உங்களோடு வேலை செய்யாதவர் இரண்டாவது கேள்விக்கு எதை எழுதுவார்?

நம் ஊரில் வேறொரு சிக்கலும் உண்டு. "நீயே எழுதிக்கொண்டு வா தம்பி, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று அன்போடு சொல்வார்கள். துரையிடமோ அதிபரிடமோ மறுத்துப் பேச நாக்கு எழாது. ஆனால் பரிந்துரையாளர் தாமே இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்பது விதி. நீங்கள் எழுதியது கட்டுரையின் நடையோடு ஒத்துப்போய் அகப்பட்டால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. நான் கண்டறிந்த வழி இது: "சேர், நான் எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் உங்களுக்கு நினைவூட்ட, நாம் சேர்ந்து செய்த வேலைகளின் குறிப்பு ஒன்று தருகிறேன்" என்று சொல்லி, திகதிகளும் எண்களும் கொண்ட ஒரு பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். அவருடைய ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. எளிய, சற்றுப் பிழையுள்ள ஆங்கிலத்தில் ஓர் உண்மையான சம்பவத்தைச் சொல்லும் கடிதம், அழகான வெற்றுப் புகழுரையைவிடப் பல மடங்கு பெறுமதியானது. கோரிக்கையைக் கடைசித் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே வையுங்கள். தீபாவளி, தைப்பொங்கல் வாரங்களில் எவரும் கணினி முன் உட்காரமாட்டார்கள்.

ஆவணங்களில் என் பெயர் வெவ்வேறு விதமாக இருக்கிறது. பிரச்சினையா?

பிரச்சினைதான், பலர் இதைக் கடைசி மாதத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். தோட்டத்தில் பதியப்பட்ட பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, உயர்தரச் சான்றிதழில் தந்தை பெயர் முன்னால், பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் என்று நம்மில் பலருக்கு நான்கு பெயர்கள் உண்டு. பரீட்சை நிலையத்தில் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய கட்டணமும் போய்விடும். ஆகவே முதல் வேலை கடவுச்சீட்டு. விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழின் பிழையைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்திக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டுக்கு மலையகத்தவர்கள் பத்தரமுல்லைக்குப் போகாமல் கண்டிப் பிராந்திய அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதன் பிறகு ஜீமேட், ஐ.ஈ.எல்.டி.எஸ்., பள்ளி விண்ணப்பம் எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. பழைய சான்றிதழ்களில் உள்ள வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் என்ற பெட்டியில் தந்தை பெயரைப் போடுவதா தம் பெயரைப் போடுவதா என்று குழம்புவோருக்கும் இதே பதில்தான்: கடவுச்சீட்டில் எப்படியோ அப்படி.

எப்போது தொடங்க வேண்டும்?

வகுப்பு தொடங்கும் மாதத்திலிருந்து 18 முதல் 24 மாதங்களுக்கு முன். அமெரிக்கப் பள்ளிகளின் முதற்சுற்று செப்டெம்பரிலும் இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்திலும் முடியும்; வகுப்பு அடுத்த ஆகஸ்ட், செப்டெம்பரில் தொடங்கும். மூன்றாம் சுற்று வைத்திருக்கும் பள்ளிகளிலும் அதற்குள் இடங்களும் உதவிப்பணமும் பெரும்பாலும் முடிந்துவிடும். விசாவுக்கும் பணத்துக்கும் கூடுதல் காலம் தேவைப்படும் நம்மைப் போன்றவர்கள் மூன்றாம் சுற்றை மறந்துவிடலாம். இன்சியாடுக்கு ஜனவரி, ஆகஸ்ட் என ஆண்டுக்கு இரு தொடக்கங்கள் உள்ளன.

இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து 2 இலட்சம் டொலரைத் தாண்டும்; டொலர் 300 ரூபா என்று வைத்தால் 6 கோடி ரூபா. இந்த எண்ணைப் பார்த்தே நம்மவர்களில் பலர் படிவத்தைத் திறக்காமல் மூடிவிடுகிறார்கள். ஆனால் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் ஆகியவை திறமையை அல்ல, தேவையைப் பார்த்தே உதவிப்பணம் தருகின்றன. இடம் கிடைத்த பின்னர் உங்கள் வருமானத்தையும் சேமிப்பையும் கணக்கிட்டுத் திருப்பிச் செலுத்த வேண்டாத உதவியைத் தீர்மானிப்பார்கள். இலங்கைச் சம்பளக்காரர் ஒருவருக்கு அந்தக் கணக்கு சாதகமாகவே அமையும். எஞ்சியதற்கு, பிணையாளர் இல்லாத கடன் ஏற்பாடுகள் சில பள்ளிகளில் உண்டு. விண்ணப்பக் கட்டணமே 250 டொலர் அளவில் இருக்கும். கட்ட முடியாதவர்களுக்கு விலக்குக் கோரும் வழி பல பள்ளிகளில் இருக்கிறது, கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரித்தானிய அரசாங்கத்தின் செவனிங் புலமைப்பரிசில் ஓர் ஆண்டு முதுமாணிக் கற்கைநெறிகளுக்கு உரியது. அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். மூன்று கற்கைநெறிகளைத் தெரிவு செய்ய வேண்டும். முடித்தபின் 2 ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் எம்.பி.ஏ.க்கள் ஓராண்டுக்குள் அடங்குகின்றன. லண்டன் பிஸ்னஸ் ஸ்கூலின் வழமையான, ஓராண்டைத் தாண்டும் எம்.பி.ஏ. அடங்காது. எம்.பி.ஏ. கட்டணத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் மீதியை எங்கே எடுப்பது என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள். வழமையாக ஆகஸ்டில் திறக்கும் அந்த விண்ணப்பம் பள்ளி விண்ணப்பத்தோடு ஒரே காலத்தில் வரும்.

அப்பா அம்மாவின் சேமலாப நிதியை எடுத்துத் தருகிறோம் என்று வீட்டில் சொல்வார்கள். அதை வாங்காதீர்கள். முப்பது ஆண்டு கொழுந்து பறித்துச் சேர்த்த தொகை முழுவதும் அங்கே ஒரு தவணைக் கட்டணத்துக்கும் போதாது. அவர்களுக்கோ அதைத் தவிர வேறில்லை.

நேர்முகத் தேர்வு எப்படி இருக்கும்?

ஹார்வர்டில் உங்கள் விண்ணப்பம் முழுவதையும் வாசித்த ஒருவர் 30 நிமிடம் கேட்பார். இன்சியாடில் பழைய மாணவர்கள் இருவர் தனித்தனியாகச் சந்திப்பார்கள். வார்ட்டனில் சில விண்ணப்பதாரர்களைச் சேர்த்து ஒரு குழுக் கலந்துரையாடல் வைப்பார்கள். அங்கேதான் நம்மவர்கள் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் பணிவோடு காத்திருந்து, நேரம் முடிந்துவிடும். குரலை உயர்த்த வேண்டியதில்லை. முன்னவர் சொன்னதைப் பெயர் சொல்லி எடுத்து, அதில் ஒன்றைச் சேர்த்துத் தொடங்கினால் மரியாதையும் கெடாது, உங்கள் முறையும் வந்துவிடும். இதை நான்கு நண்பர்களை வைத்துத் தேநீர்க் கடையிலேயே பழகலாம்.

'நாங்கள்' என்று பேசுவது நம் வழக்கம்; 'நான் செய்தேன்' என்பது தற்பெருமையாகத் தோன்றும். தேர்வாளருக்கோ உங்கள் பங்கு எது என்று தெரிய வேண்டும். 'நாங்கள் தீர்மானித்தோம், அதில் கணக்குப் பார்த்தது நான்' என்று சொல்வதில் பெருமையடிப்பு எதுவும் இல்லை.

முகவர்களிடம் போகலாமா? செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா?

இடம் நிச்சயம் என்று சொல்லிப் பணம் கேட்பவரை அந்த வாசலிலேயே விட்டுவிடுங்கள். எந்த முன்னணிப் பள்ளியிலும் அப்படி ஒரு வழி இல்லை. என்னிடமிருந்து ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்ட ஒருவர் திருப்பித் தந்த கட்டுரையில் நான் ஒருபோதும் போகாத கிரிக்கெட் கழகமொன்றுக்குத் தலைவனாக இருந்தேன். செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை பள்ளிகளின் விதிகள் வேறுபடுகின்றன. கையொப்பமிடும் முன் அந்தந்தப் பள்ளியின் கூற்றை வாசியுங்கள். இலக்கணம் பார்க்கப் பயன்படுத்துவது ஒன்று. கட்டுரையையே எழுதவிட்டால், மேலே காட்டிய முதல் உதாரணத்தைப் போன்ற வசனங்கள்தான் வரும். பாடசாலை விடும் நேரத்தில் லொறி அனுப்பிய தவறு அதற்கு எப்படித் தெரியும்?

நிராகரிக்கப்பட்டால் மீண்டும் விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. அடுத்த ஆண்டும் விண்ணப்பிப்பவர்களை எந்தப் பள்ளியும் குறைவாக எண்ணுவதில்லை; சென்ற முறைக்குப் பின் என்ன மாறியது என்று தனியாகக் கேட்கும் பள்ளிகளும் உண்டு. ஜீமேட் பெறுபேறு 5 ஆண்டுகள் நிற்பதால் அதை மறுபடி எழுத வேண்டிய அவசியம் இராது. ஆனால் அதே கட்டுரையைத் திருத்தி அனுப்புவது வீண். பழைய விண்ணப்பம் அவர்களிடம் இருக்கும். இடைப்பட்ட ஆண்டில் நான் வேலையை மாற்றவில்லை. மேலதிகாரியிடம் கேட்டு, யாரும் எடுக்க விரும்பாத ஒரு பொறுப்பை எடுத்தேன்: மாலை மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டிலில்) நிறை குறித்து வந்த முறைப்பாடுகளைப் பதிந்து, வாரந்தோறும் தொழிலாளரின் முன்னால் வாசிப்பது. இரண்டாம் ஆண்டுக் கட்டுரை அந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது. கூரையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்கவில்லை.